ஏழு மணிக்கு டாஸ், ரெண்டு மணிக்கு ஷிப்ட்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு கிரிக்கெட் பதிவுன்னு ஓடிடாதீங்க. கிரிக்கெட் ஆகாதவங்களும் படிக்கலாம். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் குடும்பச் சண்டை, மீதி என் புலம்பல்.

எங்க வீட்டு ஃபேன்டசி லீக்கோட லீக் சுற்று 2025 மே 27 செவ்வாய்க்கிழமை ராத்திரி சுமார் பதினொன்றரைக்கு முடிந்தது. அன்றைக்கு நான் எடுத்த ஒரு முடிவு சரியா தப்பா என்று இன்னிக்கு வரைக்கும் வீட்டில் பேச்சு ஓடுகிறது. ரூல் புத்தகத்தின்படி பார்த்தால் சரி. ஆனால் அந்த ரூலே தப்பு என்பதுதான் இப்போ என் கட்சி. எழுதினதும் நான்தான், அதனால் திட்டுவதற்கும் முதல் உரிமை எனக்கு இருக்கு இல்லையா :-)

ஃபேன்டசி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நீங்க ஒரு கற்பனை டீம் கட்டுவீங்க. அவங்க மைதானத்தில் அடிக்கிற ரன்னும் எடுக்கிற விக்கெட்டும் உங்களுக்குப் புள்ளியாக வரும். இது ஏதோ மொபைல் ஆப் காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். 1962-ல் அமெரிக்காவின் ஓக்லேண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவர், அணியோடு வெளியூர் போன இடத்தில், நியூயார்க் ஹோட்டல் ரூமில் சிலரோடு உட்கார்ந்து யோசித்த விளையாட்டு இது. அடுத்த வருஷம் 1963-ல் முதல் டிராஃப்ட். மொத்தம் எட்டு அணிகள். எல்லாக் கணக்கும் பேப்பர், பென்சில், திங்கட்கிழமை நியூஸ்பேப்பர். அவங்க ஊர் ஃபுட்பால் லீக்கில் சீசன் முதலில், அதில் தேறினவங்களுக்கு மட்டும் பிளே ஆஃப் அப்புறம். இதை எங்க வீட்டுக்குள் கொண்டுவந்தது அத்தை பையன். மிச்சிகனில் இருக்கிறார், நாங்க மாமா என்று கூப்பிடுவோம். அவர் ஆபீசில் இப்படி ஒரு லீக் ஓடுகிறதாம்.

ஆனால் மாமா சொல்லி மட்டும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்ததற்குக் காரணம் அண்ணன்.

அண்ணன் என்றால் பெரியம்மா பையன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட். ஐ.டி.ஐ. முடித்தவன். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். 2024-ல் அவனுக்கு வருமானவரி ரிட்டர்ன் போட்டுத்தரச் சொன்னான். (பி.காம் படிக்கிற பெண் வீட்டில் இருந்தால் ஊருக்கே ஓசி ஆடிட்டர் என்று அர்த்தம். நறநற.) ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் அதில் ஒரு வரி. பிரிவு 194-பிஏ. ஆன்லைன் கேமில் ஜெயித்த பணம், பிடித்தம் 3,000 ரூபாய்.

வகுப்பில் படித்ததுதான். 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் கேமில் வருகிற நிகர லாபத்துக்கு 30 சதவீதம் பிடித்தம். அந்த லாபத்துக்கு எதிராக வேறு நஷ்டத்தைக் கழித்துக்காட்ட முடியாது. அப்புறம் அதே வருஷம் அக்டோபரிலிருந்து, கட்டுகிற பணம் மொத்தத்துக்கும் அப்போ 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. நீங்க 100 ரூபாய் போட்டால் அதில் கிட்டத்தட்ட 22 ரூபாய் வரியாகத்தான் போனது. ஜெயித்தாலும் வரி, ஆட உட்கார்ந்தாலே வரி. பரீட்சையில் இதை எழுதும்போது ஒரு உணர்ச்சியும் வரவில்லை. அண்ணன் பெயருக்குக் கீழே பார்த்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது.

"என்ன அண்ணா இது?" என்றேன்.

"அது ஜெயிச்ச காசு பாப்பா, பத்தாயிரம். ஒரே நாள்ல."

"தோத்தது?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் போனை எடுத்து வேறு ரெண்டு ஆப்பைக் காட்டினான். கூட்டிப் பார்த்தால் 41,000 ரூபாய். அவனுக்கு ரெண்டரை மாசச் சம்பளம். 49 ரூபாய், 49 ரூபாய் என்றுதான் போயிருக்கிறது. ஜெயித்த பத்தாயிரம் அரசாங்க ஸ்டேட்மென்ட்டில் அச்சாகி நிற்கிறது. தோற்ற நாற்பத்தோராயிரத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்து கூட இல்லை.

பெரியம்மாவுக்குத் தெரிந்து வீட்டில் ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கவில்லை. ஆப்பை எல்லாம் அழிக்க வைத்தார்கள். ஆனால் பெரியம்மா விவரம். "ஆட வேணாம்னு சொன்னா ஒளிஞ்சு ஆடுவான். காசு இல்லாம நம்ம வீட்டுக்குள்ளயே ஆடிக்கோங்களேன்" என்றது அவங்கதான். 2025 ஐபிஎல்லுக்கு முந்தின ஞாயிறு, மார்ச் 16, எங்க வீட்டுக் கூடத்தில் ஏலம். மாமா மட்டும் தூக்கக் கலக்கத்தோடு வீடியோவில்.

ஆட்கள் எட்டு: அப்பா, சித்தப்பா, சித்தி, ஆயா, அண்ணன், தம்பி, மாமா, நான். ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள். ஐபிஎல் லீக் சுற்றில் 70 மேட்ச், எட்டுப் பேர் ஒருத்தரோடு ஒருத்தர் மோத ஏழு சுற்று, சுற்றுக்குப் பத்து மேட்ச். எவ்வளவு அழகாக வகுபடுது பாருங்க! ரன்னுக்கு 1, விக்கெட்டுக்கு 25, கேட்ச்சுக்கு 10. ஒவ்வொரு மேட்சுக்கும் அதில் ஆடுகிற உங்க ஆட்கள்ல ஒருத்தரை கேப்டன் என்று சொல்லணும், அவர் புள்ளி ரெண்டு மடங்கு. ஏழு சுற்று முடிவில் முதல் நாலு பேர் பிளே ஆஃப். கோப்பை, ஆயாவின் பழைய எவர்சில்வர் சொம்பு. கணக்குப்பிள்ளை நான். இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு.

கேப்டன் பெயரை எப்போ கொடுக்கணும்? இங்கேதான் வந்தது வினை. ராத்திரி மேட்சுக்கு 7 மணிக்கு டாஸ். அப்போதான் யார் ஆடுறாங்க, யார் இம்பாக்ட் பிளேயர் லிஸ்டில் உட்காருறாங்க என்று உறுதியாகத் தெரியும். அதனால் 7.30 வரைக்கும் டைம் என்று எழுதினேன். ஒரு மேட்சுக்கு ஒரே ஒரு பெயர். எல்லாருக்கும் சமம். எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். அண்ணனும் தூக்கினான்.

சமம் தானா?

ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்கிறேன். எங்க ஊர் கடிகாரம் மூணு முள்ளில் ஓடும்: ஏ, பி, சி. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் கோயில் தெருவிலிருந்து வல்லம் கூட்ரோடு வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றாலும் "என்ன ஷிப்ட்?" என்பதுதான் குசல விசாரிப்பு. பி ஷிப்ட் என்றால் மதியம் 2 மணிக்கு உள்ளே, ராத்திரி 10.30-க்கு வெளியே. பஸ் 12.50-க்கே வந்துவிடும். இங்கே நிறைய கம்பெனிகளில் போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக முடியும். ஆக பி ஷிப்ட் வாரத்தில் அண்ணனுக்கு டாஸ் என்ற ஒன்றே கிடையாது. எனக்கு ஏழரை வரைக்கும் டைம். அவனுக்கு ஒன்றே முக்கால் வரைக்கும். நோட்டில் ரெண்டு பேருக்கும் ஒரே ரூல்.

அவன் வாயே திறக்கவில்லை. பி ஷிப்ட் வாரத்தில் மதியமே ஒரு துண்டுச்சீட்டில் பெயர் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டிவிட்டுப் போவான். வாட்ஸ்அப்பில் போடலாமே என்று கேட்டதற்கு, "ஆயா வாட்ஸ்அப் பாக்க மாட்டாங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றான். அவன் பெயரைச் சாயங்காலம் வேறு யாராவது மாற்றிக் கொடுக்கலாமா? கூடாது. ரெண்டாவது சுற்றில் தம்பி ஆயாவின் கேப்டனை அவங்களுக்கே தெரியாமல் மாற்றி மாட்டிக்கொண்டதால், பதிலாள் கிடையாது என்று ரூல் போட்டிருந்தோம். (ஆயா அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே எழுதினால் பதிவுக்கு வயது வரம்பு போட வேண்டியிருக்கும்.)

சீசன் எப்படிப் போனது என்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். சிஎஸ்கே வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். வீட்டில் பாதிப் பேர் சிஎஸ்கே ஆட்களை அள்ளி வைத்திருந்ததால் துக்கம் ரெட்டிப்பு. நான் மட்டும் ஏலத்தில் சாய் சுதர்சனை எடுத்திருந்தேன். நம்ம சென்னைப் பையன், குஜராத்துக்கு ஆடி அந்த சீசனில் 759 ரன், ஆரஞ்சு தொப்பி. என் வண்டி அவர் தோளில்தான் ஓடியது. மே 8, தம்பியின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அதே நாள் ராத்திரி, தர்மசாலா மேட்ச் பாதியில் நின்றது. மறுநாள் ஐபிஎல்லே தள்ளிவைப்பு. எல்லை நிலவரம் அப்படி. அந்த ஒரு வாரம் யாரும் நோட்டைத் தொடவில்லை. மே 17 மறுபடி ஆரம்பம், அன்றைக்கு பெங்களூரில் மழை. எங்க ஏழாவது சுற்று மே 19 முதல் 27 வரை.

ஆறு சுற்று முடிவில் நிலவரம் இது. அப்பா 5 வெற்றி. நானும் மாமாவும் 4. அண்ணன் 3, சித்தப்பா 3. சித்தி 2, ஆயா 2. தம்பி 1. ஆக நாலாவது இடம் ஒன்றுதான் பாக்கி, அதற்கு அண்ணனும் சித்தப்பாவும் போட்டி. மொத்தப் புள்ளியில் அண்ணன் முன்னாடி, அதனால் சமமாக முடிந்தால் அண்ணன்தான் உள்ளே. கடைசிச் சுற்றில் அண்ணனுக்கு எதிரி நான். சித்தப்பாவுக்கு எதிரி தம்பி.

முதலில் தம்பி கதை. அவன் கடைசி இடத்தில் இருந்தான், தேற வழியே இல்லை. கவுன்சிலிங், கட் ஆஃப் என்று வேறு உலகத்தில் இருந்தான். பத்து மேட்சில் ஒன்பதுக்கு கேப்டன் பெயரே கொடுக்கவில்லை. "நான்தான் அவுட்டாச்சே, எவன் ஜெயிச்சா எனக்கென்ன?" சித்தப்பா ஜெயித்தது வெறும் 60 புள்ளியில். தம்பி இடையில் எடுத்திருந்த டெவால்ட் பிரெவிஸ் அந்தச் சுற்றில் ராஜஸ்தானோடு 42, குஜராத்தோடு 57 அடித்தார். ரெண்டு நாளும் பிரெவிஸ் என்று நாலு எழுத்து டைப் பண்ணியிருந்தால் 99 புள்ளி. சித்தப்பா தோற்றிருப்பார், அண்ணன் உள்ளே வந்திருப்பான்.

எனக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு மே 25-ஐக் காட்டுவேன். அன்றைக்கு அகமதாபாத்தில் சிஎஸ்கேவுக்கு ஆடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. பத்தாவது இடம் கிட்டத்தட்ட உறுதி. 230 அடித்து குஜராத்தை 147-ல் சுருட்டினார்கள். 83 ரன் வித்தியாசம். அந்த ஒரு தோல்வியில்தான் குஜராத் முதல் ரெண்டு இடத்தை விட்டு மூணாவதுக்குப் போனது. மூணாவது என்றால் தோற்றால் வீட்டுக்கு. மே 30 மும்பையோடு தோற்றது, சாய் சுதர்சன் 80 அடித்தும். கடைசி இடத்துக்காரன் ஒழுங்காக ஆடினால்தான் மேலே இருக்கிற வரிசைக்கே அர்த்தம். லீக்கில் சேருவது என்பது நான் ஜெயிக்கிறதுக்கு மட்டும் போடுகிற கையெழுத்து இல்லை. மத்த ஏழு பேரின் கணக்கும் என் கையில் கொஞ்சம் இருக்கு. விங்கன்பாக் லீக்கில் கடைசி இடத்துக்காரருக்கென்றே கோமாளித்தனமான ஒரு கோப்பை இருந்ததாம், வருஷம் பூரா வீட்டில் வைத்திருக்கணும். எதற்கு என்று இப்போ புரிகிறது. கடைசிக்கு வராமல் இருக்கவாவது ஆடுவாங்க.

தம்பியைத் திட்டுவது சுலபம். என் பங்குக்கு வருகிறேன்.

மே 27. லக்னோவில் கடைசி லீக் மேட்ச், லக்னோவும் பெங்களூரும். நானும் அண்ணனும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தோம். அண்ணனிடம் பெங்களூர் ஆட்கள் ரெண்டு பேர்: டிம் டேவிட், ஜித்தேஷ் சர்மா. அந்த வாரம் அவனுக்கு பி ஷிப்ட். முந்தின மேட்சில் டிம் டேவிட்டுக்கு அடிபட்டிருந்தது. மதியம் ஃப்ரிட்ஜில் சீட்டு:

"டிம் டேவிட். அவர் ஆடலன்னா ஜித்தேஷ்."

ஏழு மணிக்கு டாஸ். டிம் டேவிட் இல்லை. அவர் இடத்தில் லிவிங்ஸ்டன்.

ஒரே ஒரு பெயர் என்பது ரூல். இதற்கு முன்னால் மூணாவது சுற்றில் சித்தப்பா இதே மாதிரி "இவர் இல்லன்னா அவர்" என்று எழுதி அனுப்பி, நான் முடியாது என்று சொல்லியிருந்தேன். இப்போ அண்ணனுக்கு மட்டும் ஒத்துக்கொண்டால் சித்தப்பா விடுவாரா? அதுவும் சித்தப்பாவின் இடமே இதில்தான் இருக்கு. போதாததற்கு அண்ணனுக்கு எதிரி நானே. விட்டுக்கொடுத்தால் பாரபட்சம், பிடித்தால் சுயலாபம். எப்படிப் போனாலும் பழி. நான் நோட்டைப் பார்த்தேன். ரெண்டாவது பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அண்ணனுக்கு அன்றைக்கு கேப்டன் இல்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். ரிஷப் பந்த் 118 நாட் அவுட், லக்னோ 227. பெங்களூர் துரத்தும்போது ஜித்தேஷ் இறங்கினார். 33 பந்தில் 85 நாட் அவுட். எட்டு பந்து மீதி வைத்து முடித்துவிட்டார். நடுவில் ஒரு சம்பவம். பவுலிங் முனையில் நின்ற ஜித்தேஷ் கிரீஸை விட்டு வெளியே வந்ததும் திக்வேஷ் ராத்தி பெயிலைத் தட்டிவிட்டு அப்பீல் பண்ணினார். மூணாவது அம்பயர் அவுட் இல்லை என்று காட்டினார், பந்தும் அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஜித்தேஷ் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டே சிவப்புப் பேனாவை மூடி வைத்துக்கொண்டிருந்தவள் நான். ஆயா என்னைப் பார்க்கவே இல்லை, டி.வி.யைத்தான் பார்த்தாங்க. ஆனால் "ம்ம்" என்று ஒரு சத்தம். அந்த ஒரு எழுத்துக்கு ஆயிரம் அர்த்தம்.

நான் 1,062. அண்ணன் 1,021. 41 புள்ளி வித்தியாசம். (அதே 41! ஆயிரம் மட்டும்தான் இல்லை.) ஜித்தேஷுக்கு ரெண்டு மடங்கு கொடுத்திருந்தால் இன்னும் 85 சேர்ந்து அவன் ஜெயித்திருப்பான்.

அந்த நேரம் அவன் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பஸ்ஸே கத்திக்கொண்டிருந்ததாம், ஆளுக்கு ஒரு போன். ஒவ்வொரு சிக்ஸருக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தானாம். வீட்டுக்குள் வந்ததும் நேராக ஃப்ரிட்ஜைப் பார்த்தான். சிவப்புக் கோடு தெரிந்தது.

"ஓ, ஒரு பேருதான் இல்ல?" என்றான். கை கழுவப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

இப்போ என் வாதம். பிசினஸ் லா பேப்பரில், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 31: ஒரு நிகழ்ச்சி நடந்தால், நடக்காவிட்டால் என்று நிபந்தனையோடு போடுகிற ஒப்பந்தமும் செல்லும். இதை எழுதி மார்க் வாங்கினவள் நான். அண்ணன் எழுதினது அசல் அதே. டாஸ் நடக்கும் முன்னாடியே எழுதிவிட்டான், எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிட்டான், ஏமாற்ற இடமே இல்லை. நம்ம முதலீட்டு வகுப்பில் ஸ்டாப் லாஸ் ஆர்டர் சொல்லிக் கொடுத்தார்களே, அதுவும் இதுதானே? திரை முன்னால் நாள் பூரா உட்கார முடியாதவனுக்காகத்தான் "இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடு" என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற வசதி.

சித்தப்பாவுக்கு மறுத்தேனே என்றால், சித்தப்பா ஏழு மணிக்குக் கையில் போனோடு சோபாவில்தான் இருந்தார். அவர் எழுதினது சோம்பல். அண்ணன் எழுதினது வேறு வழியில்லாமல். ரெண்டுக்கும் ஒரே பதில் சொன்னால் அது நியாயம் மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஏழு மணிக்கு சும்மா இருக்கிற ஆட்கள் கூடி, ஏழு மணிக்கு சும்மா இருக்கிறவங்களுக்காக எழுதின ரூல் அது. கை தூக்கச் சொன்னபோது அண்ணனும் தூக்கினான் என்பது பதில் இல்லை. கான்ட்ராக்ட்டில் இருக்கிறவன் நீட்டின பேப்பரில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியிருப்பான். அவனிடம் "உனக்கு இது தோதுப்படுமா?" என்று தனியாக ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"விளையாட்டுதானே, காசா பணமா?" என்று மாமா கேட்டார். காசு இல்லை என்பதால்தான் இது முக்கியம். காசு கட்டி ஆடுகிற ஆப்பில் ரூல் அவனுக்குத் தோதாக இல்லை என்றால் எதிரில் இருப்பது ஒரு கம்பெனி. முறையிட ஆள் இல்லை. வீட்டு லீக்குக்கு என்று ஒரு பெருமை இருந்தால், அது எதிரில் இருப்பவனின் ஷிப்ட் நமக்குத் தெரியும் என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி ரூல் போட்டால் நமக்கும் ஆப்புக்கும் என்ன வித்தியாசம்? (சிலேடை தானாக வந்தது, நம்புங்க.)

பிளே ஆஃப் பற்றி ஒரு வரி போதும்: சித்தப்பா அரையிறுதியில் அப்பாவிடம் தோற்றார், சொம்பு அப்பாவுக்கு. ஜூன் 3 ஃபைனல் அன்று பெங்களூர் பதினெட்டு வருஷம் கழித்துக் கோப்பை வாங்கின ராத்திரி, அண்ணன் எங்களோடு உட்காரவில்லை. ரெண்டு மாசம் கழித்து அவனே சொன்னான். அன்றைக்கு ஒரு ஆப்பைத் திரும்ப இறக்கி ஆறு முறை 49 கட்டியிருக்கிறான். 294 ரூபாய். லீக்கில் விட்டதால்தானா என்று கேட்டேன். "சேச்சே" என்றான். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

அதே ஜூன் 3 அன்றுதான் சென்னை உயர்நீதிமன்றம், காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் கேமுக்கு தமிழ்நாடு அரசு போட்ட ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை ஆகிய விதிகள் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. அப்புறம் ஆகஸ்டில் பாராளுமன்றமே ஒரேயடியாகச் சட்டம் கொண்டுவந்து, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்து, காசு வைத்து ஆடுகிற ஃபேன்டசி ஆப்கள் அந்தப் போட்டிகளை மூடின. இத்தனை வருஷமாக நடந்த வாதம் எல்லாம் இது திறமையா அதிர்ஷ்டமா என்பதுதான். 1996-ல் கிண்டி குதிரைப் பந்தய வழக்கில் உச்சநீதிமன்றம் அது திறமை என்று சொன்னதிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் எல்லாரும் தொங்கினார்கள். புதுச் சட்டம் திறமையாக இருந்தாலும் சரி, காசு கட்டினால் தடை என்று கயிற்றையே அறுத்துவிட்டது. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவனுக்குத்தான். இது எனக்குப் பிடித்திருந்தது. என்னைக் கேட்டால் திறமை கேள்வியே தப்பான கேள்வி. அண்ணனுக்குக் கிரிக்கெட் அறிவு எங்க எல்லாரையும் விட ஜாஸ்தி. அந்த அறிவுதான் அவனை 41,000 வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஒன்றும் தெரியாத ஆயா அஞ்சு ரூபாய் கூடப் போட்டிருக்க மாட்டாங்க.

ஒரு கொசுறு. அந்தச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அணியின் ஜெர்சியிலிருந்து ட்ரீம்11 பெயர் போய், செப்டம்பரில் அப்போலோ டயர்ஸ் வந்தது, 2028 மார்ச் வரைக்கும் 579 கோடி. அவங்க ஃபேக்டரி ஒன்று நம்ம ஒரகடத்தில்தான் இருக்கு. அண்ணனின் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகும். "பாத்தியா, நம்ம ரூட்டு ஜெர்சில வந்துடுச்சு" என்று ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான்.

2025 தீபாவளிக்கு எல்லாரும் கூடினபோது நான் ரூல் திருத்தம் ரெண்டு கொண்டுவந்தேன். ஒன்று, கேப்டன் சீட்டில் மாற்றுப் பெயர் ஒன்றும் எழுதலாம். ரெண்டு, எல்லாருக்கும் கெடு மதியம் 1 மணி. டாஸ் யாருக்கும் கிடையாது. முதல் திருத்தம் எட்டுக்கு எட்டு. சித்தப்பா கூடக் கை தூக்கினார், கொஞ்சம் லேட்டாக. தம்பி தானாகவே இன்னொன்று சேர்த்தான்: மூணு மேட்ச் தொடர்ந்து கேப்டன் சொல்லாதவன் அடுத்த சீசன் பூரா எல்லாருக்கும் டீ போடணும்.

ரெண்டாவது திருத்தத்துக்குத்தான் சண்டை. டாஸ் நேரத்துப் பரபரப்பு போயிடும் என்றார் சித்தப்பா. சித்தியும் அவர் பக்கம். மதியம் ஒரு மணி என்றால் மிச்சிகனில் விடியற்காலை மூன்றரை, இருந்தாலும் மாமா சரி என்றார், முந்தின நாளே அனுப்பிவிடுவாராம். அப்பா, ஆயா, தம்பி, நான் ஆதரவு. அஞ்சு வந்தாச்சு. அண்ணன் பக்கம் திரும்பினால், அவன் எதிர்ப்புக்குக் கை தூக்கியிருந்தான்.

"உனக்காகத்தானே அண்ணா கொண்டுவந்தேன்?"

"அதான் வேணாங்கறேன். எனக்கு ரெண்டு பேர் எழுத விட்டாப் போதும். நான் பாக்க முடியலன்னு நீங்க எல்லாரும் ஏன் டாஸ் பாக்காம இருக்கணும்? ஏ ஷிப்ட் வாரத்துல நானும்தான் பாப்பேன்."

5-3. நிறைவேறியது. நோட்டில் எழுதிவிட்டேன், இந்தத் தடவை நீலப் பேனாவில். அவன் சொன்னதில் பாயிண்ட் இருக்கிறது என்று சித்தப்பா இன்னும் மறுஓட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் 1 மணியில்தான் நிற்கிறேன். அந்தத் துண்டுச்சீட்டு, சிவப்புக் கோட்டோடு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கு.